டிவிப் பெட்டியின் மேல் எழுதப்படாத எண்கள்

டெல்லியில் ஒரு 43 இன்ச் டிவி வாங்கி வீட்டில் இறக்கினால், அட்டைப் பெட்டியிலும் டிவியின் பின்புறத்திலும் அரசு கேட்டு எழுதவைத்த விவரங்கள் சில இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் ஒன்று. மின்கசிவு, தீ போன்ற ஆபத்துகளுக்கு எதிரான பாதுகாப்பு விதிகளுக்கு டிவி உட்பட்டது என்பதற்கு அது சான்று. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர ஸ்டிக்கர், ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்று சொல்கிறது. எடையளவுச் சட்ட விதிகளின்படி திரையின் அளவு 108 செ.மீ. என்றும், அதிகபட்ச சில்லறை விலை இவ்வளவு என்றும் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றைக் கேட்டு வாங்கும் அலுவலகங்கள் எல்லாமே டெல்லியில்தான் இருக்கின்றன: பகதூர் ஷா ஜாஃபர் மார்கில் மானக் பவன், தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் ஆர்.கே.புரத்தில் சேவா பவன், மத்திய தலைமைச் செயலகப் பகுதியில் கிருஷி பவன். ஆனால் டிவியை எதற்காக வாங்குகிறோமோ அந்தப் படம் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதைச் சொல்லும் ஓர் எண்ணைக்கூட இவற்றில் எந்த அலுவலகமும் கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது பெரிய திரைகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்னும் எட்டும் தூரத்துக்கு வந்தன. அப்படி வாங்கப் போகிறவருக்குக் கடையில் கிடைப்பது பெயர்கள்: எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி, 4கே, எச்டிஆர். இவற்றில் சில, திரைக்குள் வெளிச்சம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்கின்றன. சில, எந்த வகை சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதைச் சொல்கின்றன. நம் வீட்டுக் கூடத்தில், நாம் உட்காரும் இடத்திலிருந்து படம் எப்படித் தெரியும் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. எனவே, திரையின் வெளிச்சம், கருமை, பிரதிபலிப்பு, பக்கவாட்டில் பார்க்கும்போது நேரும் இழப்பு ஆகியவற்றை ஆய்வகத்தில் அளந்து, நட்சத்திர ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டவேண்டும் என்று சட்டம் கேட்க வேண்டும்.

இப்படி ஒரு ஏற்பாடு முன்பு தேவைப்படவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் பரிசோதனையாகத் தொடங்கிய ஒளிபரப்பு, 1982 ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவின்போது வண்ணத்துக்கு மாறி, அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடு நாடெங்கும் வேரூன்றியது. அந்தக் காலத்து டிவிகள் அனைத்துக்கும் உள்ளே இருந்தது ஒரே தொழில்நுட்பம்தான்: கண்ணாடிக் குழாய், அதன் பின்பக்கத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, முன்பக்கத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு. சென்னையின் டயனோரா, சாலிடேர் ஆனாலும் டெல்லியின் வெஸ்டன் ஆனாலும், நல்ல நிலையில் இருக்கும் குழாய் ஏறக்குறைய ஒரே மாதிரியான கருமையைத் தந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. 625 கோடுகளில் வந்த சிக்னல், அதற்கென்றே செய்த திரையில் விழுந்தது. அளவையும் விலையையும் பார்த்து வாங்கினாலே போதுமானதாக இருந்தது.

தட்டைத் திரை வந்தபின் அந்த ஒருமை உடைந்துவிட்டது. எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி திரைதான். பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன, முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தைத் தேவைக்கேற்பத் தடுக்கின்றன. தடுப்பு முழுமையாக இருப்பதில்லை. இரவுக் காட்சியில் கருப்பு சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் கசியும் அந்த வெளிச்சம். கியூஎல்இடி என்பதும் அதே எல்சிடிதான். நிறத்தைத் தூய்மையாக்க குவாண்டம் டாட் எனும் நுண்துகள் படலம் சேர்ந்திருக்கிறது. அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் படலம் நிறத்தைத்தான் மேம்படுத்தும். கருமையைத் திரவப் படிகங்களின் தடுப்பும் திரைக்குப் பின்னுள்ள விளக்கு அமைப்பும்தான் தீர்மானிக்கும். மினி எல்இடியில் பின்விளக்குகள் பல பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே மங்கும். எத்தனை பகுதிகள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில டஜன் பகுதிகள் மட்டும் இருந்தால், கருப்புப் பின்னணியில் வரும் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி வெளிச்சம் புகைபோலப் படரும். ஆயிரத்தைத் தாண்டினால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பெட்டியில் ஒரே பெயர்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது, எனவே இருட்டறையில் அதன் கருமைக்கு ஈடில்லை. ஆனால் திரை முழுதும் வெளிச்சமான காட்சி வந்தால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த அது தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். கோட்லா மைதானத்தில் பகலில் நடக்கும் டெஸ்ட் போட்டியைக் காட்டும்போது 200 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறங்கிவிடும் மாடல்கள் உண்டு. நாள் முழுதும் செய்தி சேனல் ஓடும் வீட்டில், மாறாமல் நிற்கும் லோகோவும் கீழ்ப்பட்டையும் காலப்போக்கில் அதன் திரையில் தழும்பாகத் தங்கிவிடும் அபாயமும் இருக்கிறது.

எல்சிடிக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. இந்தியக் குடும்பங்களைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம் என்பேன். விஏ வகைத் திரை நேர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 3,000-க்கு ஒன்று அல்லது அதற்கும் மேலான ஒளி வேறுபாட்டைத் தரும். பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டிலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் வேறுபாடு 1,000-க்கு ஒன்று என்ற அளவோடு நின்றுவிடும். ஒரு கூடத்தில் பாட்டி கட்டிலில் ஓரமாகவும் பிள்ளைகள் தரையிலும் பெற்றோர் சோபாவிலுமாக அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் ஏற்றது. தனியாக அமர்ந்து இரவில் படம் பார்ப்பவருக்கு விஏ ஏற்றது. எது எந்த டிவியில் இருக்கிறது என்பது பெட்டியில் இராது. ஒரே வரிசையில் 43 இன்ச்சில் ஒரு வகையும் 55 இன்ச்சில் வேறு வகையும் வருவது சாதாரணம். எல்சிடி பேனல் தயாரிப்பை சாம்சங் 2022-ல் கைவிட்டது. இன்று இந்தத் துறை பெரும்பாலும் பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி போன்ற சீன ஆலைகளின் கையில் இருக்கிறது. நொய்டாவிலோ திருப்பதியிலோ பூட்டப்படும் டிவியின் மேல் எந்தப் பிராண்டின் பெயர் இருந்தாலும், உள்ளே எந்த ஆலையின் எந்தத் திரை இருக்கிறது என்பதை அந்தப் பெயரை வைத்து அறிய முடியாது.

தொழில்நுட்பத்தின் பெயர் மட்டும் படத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை ஒரு சிறு கணக்கிலேயே காட்டிவிடலாம். பகலில் திரைச்சீலை விலகிய ஒரு டெல்லி வளர்ச்சி ஆணைய (டிடிஏ) குடியிருப்பின் கூடத்தில் டிவித் திரைமீது 200 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று கொள்வோம். திரை அதில் 2 சதவீதத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பினால், கருப்பாக இருக்கவேண்டிய இடத்தில் சுமார் 1.3 நிட்ஸ் வெளிச்சம் சேர்ந்துவிடும். இப்போது 300 நிட்ஸ் வெள்ளை தரும் மூன்று டிவிகளை அங்கே வைத்தால், கருமையில் நிகரற்ற ஓஎல்இடியில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 230 மடங்கு, விஏ எல்சிடியில் 215, ஐபிஎஸ்ஸில் 190. கண்ணுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரவில் விளக்கைக் குறைத்து திரைமீது 5 லக்ஸ் மட்டும் விழும்படி செய்தால் அதே மூன்றும் 9,000-க்கு மேல், 2,300, 900 என்று பிரிந்து நிற்கின்றன. பகலில் 600 நிட்ஸ் தரும் ஒரு விஏ எல்சிடியை வைத்தால் அதன் வேறுபாடு 400 மடங்கைத் தொட்டு, அந்த ஓஎல்இடியை முந்திவிடும். ஆகவே எது சிறந்த திரை என்ற கேள்விக்கு, எந்த அறையில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலுக்குத் தேவையான வெள்ளையின் நிட்ஸ், கருப்பின் நிட்ஸ், திரையின் பிரதிபலிப்பு ஆகிய மூன்று எண்களும் வாங்குபவரிடம் இல்லை. ஷோரூம் இதற்கு உதவாது. அங்கே கூரை முழுதும் விளக்குகள். திரைகளில் கண்ணைப் பறிக்கும் டெமோ வீடியோ. எல்லா டிவியும் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றிய நிலையில். அங்கே ஜெயிக்கும் டிவி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எச்டிஆர் என்ற முத்திரையில் நடப்பது இதைவிட மோசம் என்று கருதுகிறேன். வழக்கமான ஒளிபரப்புக்கான படம் ஸ்டுடியோவில் 100 நிட்ஸ் திரையை அளவுகோலாகக் கொண்டு தயாராகிறது. எச்டிஆர் படம் பெரும்பாலும் 1,000 நிட்ஸ், சில வேளை 4,000 நிட்ஸ் வரை கணக்கில் கொண்டு தயாராகிறது. நெருப்பு, தண்ணீரில் படும் வெயில், கோயில் விளக்கு வரிசை ஆகியவை மற்றவற்றிலிருந்து தனித்து மின்னவேண்டும் என்பதே நோக்கம். குறைந்த விலை 4கே டிவிகளில் 250, 300 நிட்ஸைத் தாண்டாதவை ஏராளம். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியும் அவற்றில் இருப்பதில்லை. எச்டிஆர் சிக்னலை அவை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. மின்னவேண்டியதை அமுக்கி, மற்றதையும் மங்கலாக்கும். அதே படத்தின் சாதாரண வடிவம் அதே டிவியில் இன்னும் தெளிவாக இருக்கும். அப்படியும் பெட்டியில் எச்டிஆர் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, சட்டப்படி அது பொய்யும் இல்லை. இருபதாயிரம் முப்பதாயிரம் ரூபாயை மாதத் தவணையில் கட்டும் குடும்பம், தன் டிவி காட்டமுடியாத ஒன்றுக்காகப் பணம் கொடுக்கிறது. இது எனக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. திரையை எவ்வளவு அளந்தாலும், வரும் சிக்னல் மோசமாக இருந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. 1982-ல் திரையும் சிக்னலும் ஒன்றாக முன்னேறின. 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளை தூர்தர்ஷன் எச்டியில் ஒளிபரப்பியபோதும் ஓரளவு அப்படித்தான். அதன்பின் திரை ஓடிவிட்டது, சிக்னல் பின்தங்கிவிட்டது. சாதாரண எஸ்டி சேனலின் ஒரு படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். சரியாக இருபது மடங்கு. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் எஸ்டி சேனலைப் பார்க்கும் வீட்டில், 4கே திரையின் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் பத்தொன்பதை டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம் எவ்வளவு நன்றாகச் செய்யப்படுகிறது என்பதில் டிவிக்கு டிவி பெரும் வித்தியாசம் இருக்கிறது, அதற்கும் பெட்டியில் எண் இல்லை. உட்காரும் தூரமும் இதில் சேரும். குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்கில் 43 இன்ச் திரையில் எச்டியின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு மேல் தனித்தனியாகத் தெரியாது. எட்டடி தள்ளி அமர்பவர் அந்தத் திரையில் 4கே கேட்டு வாங்குவதால் புள்ளிக் கணக்கில் பெறுவது எதுவுமில்லை. அதே பணத்தை நல்ல கருமைக்கும் வெளிச்சத்துக்கும் கொடுத்திருந்தால் வித்தியாசத்தைத் தினமும் பார்த்திருப்பார். ஆகவே சிக்னல் மோசம் என்பது அளவீடு வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று முடிவுசெய்ய அளவீடு வேண்டும் என்பதற்கே அது காரணம்.

படத்தின் தரம் ரசனையைப் பொறுத்தது, அதை எண்ணாக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. ரசனை இருக்கிறது, அதை யாரும் பறிக்கவில்லை. நீலம் தூக்கலான வெள்ளை பிடிப்பவர் ரிமோட்டில் அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கருப்பு எத்தனை நிட்ஸ் என்பது ரசனை இல்லை. ஒளிமானி வைத்து அளக்கக்கூடிய பௌதிக அளவு. கணினித் திரைகளுக்கு வீசா என்ற தொழில் அமைப்பு 2017-ல் டிஸ்ப்ளே எச்டிஆர் என்ற தரவரிசையைக் கொண்டுவந்து 400, 600, 1000 என்று நிட்ஸ் எண்ணையே பெயராக்கியது; கருமைக்கும் அதில் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் டிவியின் மின் முத்திரையில் எச்டிஆர் ஓடும்போது ஆகும் செலவைத் தனியே காட்டச் சொல்கிறது. திரையின் பிக்சல் எண்ணிக்கையும் அதில் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 1974-ல், ஆம்ப்ளிஃபயர்களின் வாட்ஸ் கணக்கை ஒரே முறையில் அளந்துதான் விளம்பரம் செய்யவேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் விதி போட்டது. நம்மூரில் அப்படி விதி இல்லாததால்தான் 1990-களில் டேப் ரிக்கார்டர்களின் மேல் ஆயிரக்கணக்கான பிஎம்பிஓ வாட்ஸ் எழுதிய ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. கேட்டவர்களுக்கு அந்த எண்ணுக்கும் காதில் விழுந்த ஓசைக்கும் தொடர்பே தெரியவில்லை. ஒலியில் அன்று நடந்தது ஒளியில் இன்று நடக்கிறது.

செலவு கூடும், சிறிய நிறுவனங்கள் தாங்காது என்பார்கள். நட்சத்திர ஸ்டிக்கருக்காக டிவி ஏற்கெனவே ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே குறிப்பிட்ட வீடியோவை ஓடவிட்டு மின்செலவை அளக்கிறார்கள். அதே மேசையில், அதே டிவியின் முன் ஒளிமானியை வைத்துச் சில அளவுகள் கூடுதலாக எடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மாடலின் மொத்த விற்பனையில் பகிர்ந்தால் வாங்குபவர் உணரும் அளவுக்கு இருக்காது. உண்மையில் சிறிய நிறுவனத்துக்குத்தான் இது லாபம். விளம்பரத்துக்குக் கோடிகள் இல்லாத ஒருவர் நல்ல பேனல் போட்டு டிவி செய்தால், அதை நிரூபிக்க இன்று வழியில்லை. எண் அதற்கு வழி கொடுக்கும். அளவீட்டுக்கு ஆதாரமான நிறுவனமும் டெல்லியிலேயே இருக்கிறது. ஒளிச்செறிவின் அலகான கேண்டெலாவை நாட்டுக்காகக் காப்பது பூசா வளாகத்தை ஒட்டிய தேசிய இயற்பியல் ஆய்வகம். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன்தான் அதன் முதல் இயக்குநர். அது அமைந்திருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். நிட்ஸ் என்பது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்பதே. நாட்டின் ஒளிமானிகள் அனைத்தும் கடைசியில் இங்கே உள்ள அளவோடு ஒப்பிடப்படுகின்றன. கருவியும் அறிவும் இருக்க, ஆணை மட்டும் இல்லை.

நிறுவனங்கள் சோதனைக்கென்று டிவியைத் தயார்செய்து ஏமாற்றும் என்ற அச்சம் லேசானதில்லை. திரையின் பத்தில் ஒரு பங்கில் மட்டும் வெள்ளைச் சதுரத்தைக் காட்டி அளந்தால் எந்த டிவியும் பிரமாதமாக இருக்கும். அந்தச் சதுரத்தை அடையாளம் கண்டு வெளிச்சத்தை ஏற்றும் மென்பொருள் எழுதுவதும் கடினமில்லை. எனவே சிறு சதுரத்திலும் முழுத்திரையிலும் இரண்டு எண்கள் வேண்டும். கருப்பு வெள்ளைக் கட்டங்கள் சேர்ந்திருக்கும்போது கருப்பு எவ்வளவு என்ற எண் வேண்டும். எல்லாம் வாடிக்கையாளர் முதன்முதலில் ஆன் செய்யும்போது டிவி எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில் அளக்கப்பட வேண்டும். நிறுவனம் அனுப்பும் டிவியை மட்டும் நம்பாமல், டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கடையில் வாங்கிய டிவியையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். எழுதியதற்கும் அளந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் நடவடிக்கை எடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அது அதிகாரம் தருகிறது. இன்று அந்த ஆணையத்திடம் ஒருவர் போய், இந்த டிவியின் எச்டிஆர் பொய் என்று புகார் சொன்னால், எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பொய் என்பது என்று கேட்பார்கள். அந்த எண் இல்லாதவரை புகார் நிற்காது.

சாதாரண மக்களுக்கு நிட்ஸ் எல்லாம் புரியாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2006-ல் எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதையேதான் சொல்லியிருக்க முடியும். இன்று ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பதே எத்தனை ஸ்டார் என்பதுதான். பல்புக்கு வாட்ஸ், மொபைலுக்கு எம்ஏஎச், கேமராவுக்கு மெகாபிக்சல் என்று எண்களை மக்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் விளம்பரம் என்பதால், பயன்படும் எண்ணும் பயன்படாத எண்ணும் கலந்து வந்துசேர்ந்தன. பகல் வெளிச்சமுள்ள அறைக்கு எவ்வளவு, இருட்டறைக்கு எவ்வளவு, பக்கவாட்டில் முப்பது பாகை தள்ளி அமர்ந்தால் எவ்வளவு என்று மூன்று எளிய வரிகளாக அந்த முத்திரையை அமைத்தால், ஓரிரு தீபாவளி விற்பனைக்குள் கடை ஊழியர்களே அதைச் சொல்லி விற்கத் தொடங்குவார்கள். இணைய விற்பனைத் தளங்களின் விவரப் பட்டியலிலும் அதே மூன்று வரிகள் கட்டாயமாக வேண்டும். டிவியை நேரில் பார்க்காமலே வாங்கும் குடும்பங்கள் நாளுக்கு நாள் கூடுகின்றன. அந்தப் பட்டியலில் எச்டிஎம்ஐ துளைகளின் எண்ணிக்கையும் ஸ்பீக்கர் வாட்ஸும் ரிமோட்டின் பேட்டரி வகையும்கூட இருக்கின்றன. படத்துக்கு ஒரு வரி ஒதுக்க இடமில்லாமல் போகாது.